ஒகினாவா: எதிரி பேரும் அதே கல்லுல – வாசகர் கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம், ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானோட ஒகினாவா தீவுல நடந்த சண்டையை வச்சு எடுத்த ஒரு ஹாலிவுட் படம் பார்த்தேன். துப்பாக்கியை தொடவே மாட்டேன்னு சொன்ன ஒரு அமெரிக்க மெடிக், பாறை உச்சில இருந்து காயம்பட்டவங்களை கயித்துல கட்டி ஒவ்வொருத்தரா கீழ இறக்கற கதை. அப்புறம் நெட்ல தேடினப்ப அந்த தீவுல ஒரு நினைவுச்சுவர் இருக்கு, அதுல ஊர் ஜனங்க, ஜப்பான் சிப்பாய்ங்க, அமெரிக்க சிப்பாய்ங்கன்னு எல்லார் பேரையும் வெட்டியிருக்காங்கன்னு படிச்சேன். எனக்கு அது உறுத்துது சார். கொன்னவனும் செத்தவனும் ஒண்ணா? என் ரூம்மேட் கிட்ட சொன்னா, "ஜப்பான்காரன் சைனால பண்ணாததா, அனுபவிச்சான், விடு"ங்கறான். அதுவும் சரியா படல. அந்த சண்டை ஏன் அவ்ளோ முக்கியம், அங்க உள்ளவங்க அதை எப்படி நினைவு வச்சிருக்காங்க, கொஞ்சம் எழுதுங்களேன்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்க ரூம்மேட் சொன்னதுல இருந்தே ஆரம்பிக்கறேன். சைனால நடந்ததுக்கும் ஒகினாவால நடந்ததுக்கும் நேரடியாவே ஒரு தொடர்பு இருக்கு, அது ஒரு குகைக்குள்ள இருக்கு.

தீவோட மேற்குக் கரைல யோமிதான்னு ஒரு கிராமம். 1945 ஏப்ரல் 1 அன்னிக்கு அமெரிக்கப் படை இறங்கினது அந்தப் பக்கத்துக் கடற்கரைலதான். ஊர் ஜனம் எல்லாம் சுண்ணாம்புக்கல் குகைகள்ல ஒளிஞ்சிருந்தாங்க, அந்த குகைகளை அங்க "காமா"ன்னு சொல்வாங்க. சிபிசிரி காமாங்கற குகைல சுமார் 140 பேர். அவங்கள்ல சைனாப் போருக்குப் போய்ட்டு வந்தவங்க இருந்தாங்க, ஜப்பான் ராணுவம் பிடிபட்ட ஜனங்களை என்ன செஞ்சுதுன்னு தெரிஞ்சவங்க, அதனால அமெரிக்காக்காரன் கைல மாட்டினா நமக்கும் அதேதான்னு நம்பினாங்க, சொன்னாங்க. மறுநாள், ஏப்ரல் 2, அந்த குகைக்குள்ள 80 பேருக்கு மேல செத்தாங்க. அம்மாக்கள் தங்க கையாலயே பிள்ளைகளைக் கொன்னாங்க. செத்தவங்கள்ல பாதிக்கு மேல சின்னப் பசங்க. அதே ஊர்ல கொஞ்ச தூரத்துல ஷிமுக்கு காமான்னு இன்னொரு குகை, அதுல சுமார் ஆயிரம் பேர். அங்க ஹவாய்ல வேலை பார்த்துட்டுத் திரும்பின ரெண்டு பேர் இருந்தாங்க, அமெரிக்காக்காரங்க ஜனங்களைக் கொல்ல மாட்டாங்கன்னு மத்தவங்ககிட்ட சொல்லி, முன்னாடி போய் பேசி, எல்லாரையும் உயிரோட வெளில கூட்டிட்டு வந்துட்டாங்க. ரெண்டும் ஒரே ஊரு, ஒரே வாரம். உள்ள யாரு இருந்தா, அவங்க எந்த நாட்டுல எதைப் பார்த்துட்டு வந்தாங்கங்கறதுலதான் உயிர் நின்னுது. இதைப் படிச்சப்புறம் "அனுபவிச்சான்"ங்கற வார்த்தை எனக்கு வாய்ல வரல. அந்தக் குழந்தை சைனாவைப் பார்த்ததே இல்லையே.

இன்னொண்ணும் இருக்கு. ஒகினாவா மக்களை சும்மா "ஜப்பான்காரங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட முடியாது. 1879 வரைக்கும் அது ரியூக்யூன்னு தனி ராஜ்ஜியம், தனி பாஷை. ஜப்பான் அதைச் சேர்த்துக்கிட்டப்புறமும் அந்த ஜனங்களை நம்பவே இல்ல. சண்டை ஆரம்பிச்ச ஏப்ரல்லயே, ஒகினாவா பாஷைல பேசறவங்களை ஒற்றனா நினைச்சு தண்டிப்போம்னு ராணுவம் உத்தரவு போட்டுது. தன் அம்மா பாஷைல பேசினதுக்காக தன் நாட்டு சிப்பாய் கையாலயே செத்தவங்க இருக்காங்க. காமாக்குள்ள குழந்தை அழுதா எதிரிக்கு சத்தம் கேக்கும்னு சிப்பாய்ங்க மிரட்டினாங்க, குடும்பங்களை குகைய விட்டு வெளில குண்டுமழைக்குள்ள துரத்திட்டு அவங்க உள்ள உக்காந்தாங்க.

ஏன் முக்கியம்னு கேட்டீங்க. போர் கணக்குல பாத்தா ஜப்பானோட நாலு பெரிய தீவுகளுக்குப் போற வாசப்படி ஒகினாவா, அங்க இருந்துதான் க்யூஷூ மேல இறங்கறதா அமெரிக்காவோட திட்டம். ஜப்பான் ராணுவத் தலைமைக்கும் இது தெரியும், தீவை காப்பாத்த முடியாதுன்னும் தெரியும், அதனால எவ்ளோ நாள் இழுக்க முடியுமோ அவ்ளோ நாள் இழுக்கறதுதான் திட்டம். கோங்கற பலகை விளையாட்டுல வேணும்னே வெட்டுக் கொடுக்கற காய்க்கு "ஸுதே இஷி"ன்னு பேரு. ஒகினாவாக்காரங்க தங்களைப் பத்தி இன்னிக்கும் அந்த வார்த்தையதான் சொல்றாங்க. மே கடைசில ஷூரி கோட்டைத் தலைமையகம் விழப்போகுதுன்னு ஆனதும், அங்க ஜப்பான் படைக்குத் தளபதியா இருந்த ஜெனரல் உஷிஜிமா அங்கயே முடிச்சிருக்கலாம். முடிக்கல. மிச்சப் படையோட தெற்கு முனைக்கு இறங்கினார், ஜனங்க தப்பிச்சு ஓடி நெருக்கியடிச்சு ஒளிஞ்சிருந்ததும் அங்கதான். செத்த பொதுமக்கள்ல ரொம்பப் பேர் அதுக்கு அப்புறம் செத்தவங்க. மாகாண அரசாங்கத்தோட கணக்குப்படி மொத்த சாவு 2 லட்சத்துக்கு மேல, அதுல ஒகினாவாக்காரங்களே 1,22,000க்கு மேல, அமெரிக்கர்கள் 12,500 பேர். தீவு ஜனத்துல நாலுல ஒருத்தர்னு சொல்வாங்க.

அணுகுண்டு போட்டதுக்கே ஒகினாவாதான் காரணம்னு நிறைய இடத்துல எழுதறாங்க. இந்த சாவு எண்ணிக்கை வாஷிங்டன்ல பயத்தை ஏத்தினது உண்மை, ஆனா அது ஒண்ணே காரணம்ங்கறதை நான் ஏத்துக்க மாட்டேன், குண்டு வேலை அதுக்கு பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. ஒரு விஷயம் மட்டும் மனசை விட்டுப் போகல. ஆகஸ்ட் 9 நாகசாகில குண்டு போட்ட விமானத்துக்கு திரும்பற வழில பெட்ரோல் தீரப் போச்சு, அவசரமா இறங்கின இடம் யோமிதான் விமானதளம். சிபிசிரி காமா இருக்கற அதே ஊரு.

இப்ப நினைவு நாளுக்கு வரேன். ஜூன் 23, ஒகினாவா முழுக்க அரசாங்க லீவு, மத்தியானம் 12 மணிக்கு எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிப்பாங்க. உஷிஜிமா தற்கொலை பண்ணிக்கிட்ட நாள்னு வச்சு எடுத்த தேதி அது. முதல்ல 22ன்னு இருந்துது, 1965ல 23ன்னு மாத்தினாங்க. எனக்கு இந்த தேதி மேல வருத்தம் உண்டு. அந்த ஆள் சாகறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் சண்டை போடுங்கன்னு உத்தரவு போட்டுட்டுதான் போனார், சரணடையறோம்னு சொல்ல மேல ஆளே இல்லாம போச்சு, அதனால 23க்கு அப்புறமும் குகைகள்ல சாவு நிக்கல. அங்க முறையா சரண் கையெழுத்தானது செப்டம்பர் 7. ஒகினாவா சிட்டிங்கற நகரம் அந்த செப்டம்பர் 7ஐதான் தன்னோட அமைதி நாளா வச்சிருக்கு, எனக்கு அதுதான் நியாயமா படுது. ஹிமேயூரி மாணவிகளையே எடுத்துக்குங்க. 222 பொண்ணுங்க, 18 டீச்சருங்க, ராணுவ ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க. ஜூன் 18 அன்னிக்கு, இனி உங்க இஷ்டம், போங்கன்னு குண்டுமழைக்கு நடுவுல கலைச்சு விட்டுட்டாங்க. அந்த 240 பேர்ல செத்த 136 பேர்ல பெரும்பாலானவங்க அதுக்கு அப்புறம் வந்த நாட்கள்ல செத்தவங்க.

நீங்க கேட்ட சுவர் தெற்கு முனைல மாபுனில, கடலைப் பார்த்து நிக்குது. 1995, அம்பதாவது வருஷம் திறந்தாங்க. அப்ப கவர்னரா இருந்த ஓட்டா மசாஹிதே, 19 வயசுல மாணவர் படைல சேர்க்கப்பட்டு அந்த சண்டைல பிழைச்சவர், கூடப் படிச்ச பசங்களை பறிகொடுத்தவர். அவர் காலத்துலதான் எந்த நாட்டுக்காரன், சிப்பாயா பொதுஜனமான்னு பார்க்காம பேரை வெட்டணும்னு முடிவாச்சு. இப்ப 2,40,000 பேருக்கு மேல இருக்கு. உஷிஜிமா பேரும் இருக்கு, அதுதான் உங்களை மாதிரி எனக்கும் முதல்ல உறுத்துச்சு, ஒகினாவாலயே அதை எதிர்த்துப் பேசினவங்க உண்டு. ஆயிரக்கணக்குல இழுத்துட்டு வரப்பட்ட கொரியாக்காரங்கள்ல சில நூறு பேரு பேர்தான் அந்தக் கல்லுல இருக்கு, ஜப்பான்காரனோட எங்க ஆள் பேரு வேண்டாம்னு மறுத்த கொரியா குடும்பங்களும் இருக்கு. அவங்க மறுப்பும் சரின்னுதான் நான் நினைக்கறேன்.

ஆனா கொன்னவனும் செத்தவனும் ஒண்ணுன்னு அந்த சுவர் சொல்லலைங்க. செத்தாங்கன்னு மட்டும்தான் சொல்லுது. யாரு யாரை என்ன செஞ்சாங்கங்கறது பக்கத்துலயே மியூசியத்துல இருக்கு, அதுல அந்த ஜனங்க துளிகூட விட்டுக் கொடுக்கல. 1999ல புது மியூசியம் கட்டறப்ப, குகைக்குள்ள ஜனங்க மேல துப்பாக்கி நீட்டற ஜப்பான் சிப்பாய் பொம்மைல இருந்து துப்பாக்கிய எடுத்துடலாம்னு அதிகாரிங்க பார்த்தாங்க. விஷயம் வெளில வந்து ஊரே எதிர்த்துச்சு, துப்பாக்கி திரும்ப வந்துது. 2007ல ஸ்கூல் புத்தகத்துல, கூட்டுத் தற்கொலைக்கு ராணுவம் கட்டாயப்படுத்தினதுங்கற வரிய ஜப்பான் அரசாங்கம் எடுக்கச் சொன்னப்ப, அதை எதிர்த்து செப்டம்பர் கடைசில லட்சம் பேருக்கு மேல திரண்டாங்கன்னு அதை நடத்தினவங்க கணக்கு. பேரு வெட்டறதுல தாராளமா இருக்கற அதே ஜனங்க இந்த விஷயத்துல கறாரா இருக்காங்க, ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும். மியூசியம் இல்லாம அந்த சுவர் மட்டும் இருந்திருந்தா உங்க கோபத்தோட நானும் நின்னிருப்பேன்.

ஒகினாவாக்காரங்க பேரு ஊர்வாரியா இருக்கு, ஒரு குடும்பத்துல செத்தவங்க பேரு அடுத்தடுத்து வரும். ஜூன் 23 அன்னிக்கு வயசானவங்க வந்து பேரைத் தேடிப் பிடிச்சு விரலால தடவறாங்க, பூ வைக்கறாங்க, தாகத்தோட செத்தாங்களேன்னு கல்லு மேல தண்ணி ஊத்தறாங்க. சில இடத்துல பேரே இருக்காது, "இன்னாரோட மூத்த மகன்", "இன்னாரோட பிள்ளை"ன்னு மட்டும் வெட்டியிருக்கும், குடும்பத்தோட போய்ட்டதால அந்தக் குழந்தையை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு சொல்ல ஆளில்ல. வருஷா வருஷம் ஜூன்ல புதுசா கண்டுபிடிச்ச பேரை சேர்த்துக்கிட்டே இருக்காங்க. 2025ல சேர்ந்தது மட்டும் 342.