பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் கூடி மரம் நட முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

முடியும். 2020-லும் 2021-லும் நாங்கள் நட்டோம். ஆனால் அந்தக் 'கூடி' என்பதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு முன்பு எங்கள் வழக்கம் இதுதான்: ஞாயிறு காலை நாற்பது ஐம்பது பேர், ஒரு வேன், ஒரு பேனர். குழிகளை முந்தின நாளே ஆள் வைத்துத் தோண்டியிருப்போம். ஒரு கன்றைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, ஆளுக்கு ஒரு கை மண் தள்ளி, படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவோம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது. பின்னாலேயே ஊரடங்கு. பிப்ரவரியில் அறுபது கன்று நட்டிருந்தோம், தண்ணீர் ஊற்ற யாராலும் வெளியே போக முடியவில்லை. தளர்வு வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் பதினொன்று மட்டும் பச்சையாக நின்றன, மற்றதெல்லாம் குச்சி. அந்தப் பதினொன்றில் ஏழு ஒரே வீட்டு மதிலை ஒட்டி இருந்தவை. அந்த வீட்டு அம்மா துணி அலசிய கடைசித் தண்ணீரைத் தினமும் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். அவர் எங்கள் குழுவிலேயே இல்லை. நட்ட அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

அப்புறம் திட்டத்தையே திருப்பிப் போட்டோம். கன்றைத் தன் வாசலிலிருந்து பார்க்க முடிகிற வீடு எது என்று முதலில் தேடுவோம். அவர்கள் சரி என்றால்தான் அங்கே குழி. நடுவதும் அந்த வீட்டு ஆட்களே. எங்களில் ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு ஆறடி தள்ளி நின்று வழி சொல்வார்.

திறந்தவெளியில், தள்ளி நின்று செய்கிற வேலையில் தொற்று ஆபத்து குறைவு. மூச்சில் வரும் கிருமி காற்றில் கலைந்துவிடும். ஆபத்தெல்லாம் வேனிலும், நெருக்கியடித்து எடுக்கும் படத்திலும்தான். அதனால் இரண்டையும் விட்டோம். கடப்பாரைப் பிடியை மணிக்கொரு தரம் சானிடைசர் போட்டுத் துடைத்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பொருளைத் தொட்டுப் பரவுவது குறைவுதான் என்று பின்னாளில் தெரிந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலே போதும்.

எதிர்பாராத லாபம் ஒன்று. எட்டுப் பேர் அவசரமாக நட்டபோது யாரும் வேரைப் பார்த்ததில்லை. ஒரே ஒருவர் உட்கார்ந்து பாலித்தீன் பையைக் கிழித்தால், அடியில் வேர் வட்டமாகச் சுருண்டிருப்பது கண்ணில் படும். அதைப் பிரித்துவிடாமல் இறக்கினால் மண்ணுக்குள்ளும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும், மரம் வளர்ந்த பிறகு பெருங்காற்றில் சாய்ந்துவிடும். ஒரு பையன் சுருண்ட வேரை விரலால் பிரித்து நீட்டி வைக்கவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான். பழைய ஞாயிறுகளில் அந்த நேரத்துக்குள் ஐந்து கன்று நட்டிருப்போம்.

பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேச அரசு 2020 ஜூலை 5 அன்று ஒரே நாளில் 25 கோடி கன்றுகளை, இடைவெளி விட்டு நடவைத்ததாகச் சொன்னது. எனக்கு அதைவிட பாகிஸ்தான் செய்தது பிடித்திருந்தது. ஊரடங்கில் கூலி வேலை போனவர்களை மரம் நடும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 63,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை என்று அரசு கணக்குச் சொன்னது. கன்றைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஆச்சு, ஆளுக்குச் சோறும் ஆச்சு.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவைத் தொற்றில் பறிகொடுத்த ஒருவர், இறுதிச் சடங்குக்கு யாரையும் அழைக்க முடியாமல், ஒரு கன்று வைக்க வேண்டும் என்று கேட்டார். சாலையோரம் எட்டுப் பேர் தள்ளித் தள்ளி நின்றோம். அவர் மண்ணைத் தள்ளிவிட்டுக் குந்தியபடியே வெகுநேரம் இருந்தார். போய்த் தோளைத் தொட ஒருவராலும் முடியவில்லை. பழைய கூட்டத்தின் அருமை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மதிலோர வீட்டு அம்மா 2021-ல் இன்னும் நாலு கன்று கேட்டார். ஒன்றுதான் கொடுத்தோம். மற்ற மூன்று இடத்துக்கும் மேலே மின்கம்பி போகிறது. அதில் அவருக்கு எங்கள்மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம்.