'டெனெட்' புரியவில்லை என்றால் குறை என்னிடமா?

இரண்டு முறை பார்த்தும் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் 'டெனெட்' (2020) படம் புரியவில்லை, ஆனால் அதே நோலனின் 'மெமென்டோ' (2000) பிடித்தது, ஏன் என்று கேட்கிறீர்கள். குறை உங்களிடம் இல்லை.

'மெமென்டோ'வும் சிக்கலான படம்தான். வண்ணக் காட்சிகள் பின்னோக்கிப் போகும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வரும், கடைசியில் இரண்டும் சந்திக்கும். ஆனால் நாயகனுக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்காது. ஒவ்வொரு காட்சி தொடங்கும்போதும், சற்றுமுன் என்ன நடந்தது என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படத்தின் தொடக்கத்திலேயே, கையில் பிடித்து உதறும் போலராய்டு (எடுத்தவுடன் கேமராவிலேயே அச்சாகி வரும்) புகைப்படம் தெளிவதற்குப் பதில் மங்கிக்கொண்டே போகும். அவ்வளவுதான், விதி புரிந்துவிடுகிறது.

'டெனெட்' தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறது. ஆட்களும் பொருட்களும் காலத்தில் பின்னோக்கிப் போகும் விதிகளை வசனத்தில் விளக்குகிறார்கள். அதையும் பாத்திரங்கள் அணியும் முகமூடியும் பின்னணி இசையும் விழுங்கிவிடுகின்றன. (சப்டைட்டிலோடு பார்த்தும் எனக்குப் பாதிதான் தேறியது.) புரிந்துகொள்ள முயலாதே, உணர்ந்து பார் என்று ஒரு விஞ்ஞானியே நாயகனிடம் சொல்கிறார். சரி, உணரலாம் என்றால் அந்த நாயகனுக்குப் பெயர்கூடக் கிடையாது. யாருக்காகப் பதறுவது? கடைசிச் சண்டையில் ஒரு அணி காலத்தில் முன்னோக்கியும் இன்னொரு அணி பின்னோக்கியும் ஓடும்போது, எதிரி எங்கே என்றுதான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.