பாஸ்தாவைக் காக்க வைக்காதீர்கள்

கேள்வி: இத்தாலியர்கள் மாதிரி தோட்டத்தில் நீளமாக மேஜை போட்டு, நண்பர்கள் எட்டுப் பேரை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அவர்கள் வெளியே சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் கடைசி வரை அடுப்படியில் நின்றேன். இதை நிம்மதியாக நடத்த வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. இத்தாலியச் சாப்பாட்டு வரிசையே உங்களுக்குச் சாதகமானதுதான். முதலில் கொறிக்க ஆன்டிபாஸ்டோ, அப்புறம் பிரீமோ, அதாவது பாஸ்தாவோ, குழைவாக வேகவைத்த அரிசியான ரிசோட்டோவோ, அதன் பிறகு இறைச்சியோ மீனோ வரும் செகோண்டோ, தொட்டுக்கொள்ளக் காய்கறி, கடைசியில் இனிப்பும் காபியும். எல்லாம் ஒரேயடியாக மேஜைக்கு வராது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பேச்சு ஓடும், அதனால் நீங்கள் சற்றுத் தாமதித்தாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். வீட்டு விருந்துக்கு முழு வரிசையும் தேவையில்லை. செகோண்டோவைத் தாராளமாக விட்டுவிடுங்கள்.

சூடாகப் பரிமாற வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், இதில் மட்டும் நான் கறார். மற்றதெல்லாம் ஆறினால் ருசி கூடுகிற பதார்த்தமாக இருக்கட்டும். சிசிலியின் கபொனாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்: பொரித்த கத்திரிக்காயோடு தக்காளி, செலரி, ஆலிவ், வினிகர், கொஞ்சம் சர்க்கரை. முந்தின நாளே செய்து வைத்தால்தான் புளிப்பும் இனிப்பும் ஒன்றோடொன்று ஊறும். டஸ்கனியின் பான்சனெல்லா, காய்ந்துபோன பிரெட்டை நனைத்துப் பிழிந்து தக்காளி, வெங்காயத்தோடு கலக்கும் சாலட், அதுவும் ஊற ஊற நன்றாக இருக்கும். காபியில் நனைத்த பிஸ்கட்டையும் கிரீமையும் அடுக்கிச் செய்யும் டிராமிசுவை முந்தின இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வழக்கமான முறையில் அதில் பச்சை முட்டை சேரும், கர்ப்பிணிகளோ சிறு குழந்தைகளோ வந்தால் வேறு இனிப்பு செய்யுங்கள்.

ஆன்டிபாஸ்டோவுக்கு புருஸ்கெட்டா போதும், அதையும் விருந்தினர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தடியாக வெட்டிய பிரெட்டை அனலில் வாட்டி, சூடு ஆறுவதற்குள் உரித்த பூண்டுப் பல்லை மேலே தேய்த்தால், அந்த மொறமொறப்பு அரம் மாதிரி பூண்டைச் சீவி எடுக்கும், நாலு துண்டு முடிவதற்குள் கையில் பாதிப் பல்தான் மிஞ்சும். அப்புறம் நறுக்கிய தக்காளி, உப்பு, ஆலிவ் எண்ணெய். எட்டுப் பேரும் பூண்டு தேய்த்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்குக் கால் மணி நேரம் கிடைத்துவிடும்!

கேள்வி: வெளியே கொண்டு போவதற்குள் பாஸ்தா ஆறி, ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சாப்பிடுகிறவர்தான் பாஸ்தாவுக்காகக் காத்திருக்க வேண்டும், பாஸ்தா காத்திருக்கக் கூடாது. தண்ணீரை முன்கூட்டியே கொதிக்க வைத்து மூடி வையுங்கள், எல்லோரும் உட்கார்ந்த பிறகு பாஸ்தாவைப் போடுங்கள். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ஆளுக்கு 80 கிராம் என்றால் எட்டுப் பேருக்கு 640 கிராம், ஆறரை லிட்டர் தண்ணீர் வேண்டும், பெரிய பாத்திரம் இல்லையென்றால் இரண்டாகப் பிரித்து வேக வையுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுத்து, சாஸ் இருக்கும் வாணலியில் போட்டு, வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் பிரட்டுங்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடித்து, சாஸை பாஸ்தாமேல் ஒட்ட வைக்கிறது. வடித்ததைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் அது போய்விடும், தயவுசெய்து அலசாதீர்கள். திறந்த வெளியில் சூடு சீக்கிரம் இறங்கும் என்பதால் தட்டுகளைக் கொஞ்சம் சூடாக்கி வைத்திருங்கள். பத்துப் பேருக்கு மேல் போனால் பேசாமல் பாஸ்தாத் தகடுகளை சாஸோடு அடுக்கிச் சுடும் லசான்யா செய்துவிடுங்கள், ஓவனிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வைத்தால்தான் துண்டு உடையாமல் வரும், அவசரமே இல்லை.

கேள்வி: விளக்கைப் போட்டால் பூச்சி, அணைத்தால் இருட்டு!

பதில்: வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும். மேஜைக்கு நேர் மேலே விளக்கு வேண்டாம், தள்ளி மாட்டுங்கள். தட்டுப் பக்கத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவர்த்தி போதும். காலடியில் காற்று படுகிற மாதிரி ஒரு மின்விசிறி வையுங்கள், கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. இன்னொன்று, சமைத்த உணவும் பால் பொருளும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான்.

கேள்வி: அழைப்பிதழில் 'அல் ஃப்ரெஸ்கோ டின்னர்' என்று போடலாமா?

பதில்: திறந்தவெளியில் சாப்பிடுவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வது வழக்கம்தான். ஆனால் இத்தாலிய மொழியில் அதற்குக் குளிர்ச்சியான இடத்தில் என்று பொருள், பேச்சுவழக்கில் சிறைக்குள் இருப்பதையும் குறிக்கும். திறந்தவெளிச் சாப்பாட்டை இத்தாலியர்கள் 'ஆல்அபெர்த்தோ' என்பார்கள். அதையே போடுங்கள்.