எந்தக் காற்றுக்கு எந்த மலை?

ஐயா, ஓகஸ்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போக இருக்கிறோம், நாலு இரவு. நுவரெலியாவில் ஓரிடத்தில் ‘மலைக்காட்சி அறை’ என்று சொல்லி நாளுக்கு நாலாயிரம் ரூபாய் கூடக் கேட்கிறார்கள். அங்கே நின்றே சிவனொளிபாத மலையும் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்து மலை விளிம்பும் பார்க்க யோசனை. அம்மாவுக்கு முழங்கால் உளைவு. காசைக் கொடுக்கலாமா?

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்க வேண்டாம். அந்தக் காசை உங்களுக்கும் சேர்த்து நான் ஒருமுறை கொடுத்துவிட்டேன். ஓர் ஆடி மாதம். மூன்று நாளும் யன்னலுக்கு வெளியே வேட்டி காயப்போட்டது போல வெள்ளைப் புகார். மலை எங்கே என்று கேட்டேன். வேலைக்கு நின்ற பெடியன் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, “இதுதான் சேர்” என்றான்.

பிழை என்னுடையது. தென்மேற்குக் காற்றான சோளகம் இங்கே யாழ்ப்பாணத்தில் புழுதியை வாரி இறைக்கும் மாதங்களில், அதே காற்றுத்தான் கடலில் இருந்து கொண்டுவந்த ஈரத்தை அற்றன், நுவரெலியாப் பக்கச் சரிவில் கொட்டுகிறது. மலை தாண்டிக் கிழக்கே ஊவா மாகாணத்துக்குள் இறங்கும்போது அதில் மழை மிச்சமிராது. ஆகவே ஓகஸ்டுக்குப் பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல. வடகிழக்குக் காற்றான வாடைக் காலத்தில் கணக்கு மாறும், மழை ஊவாப் பக்கம் போய்விடும்.

இன்னொன்று, நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஒரு கிண்ணம். நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல (2,524 மீற்றர்) பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் ஊரே அதன் முக்கால்வாசி உயரத்தில் இருப்பதால் பார்வைக்கு அது ஒரு பெரிய மேடு, அவ்வளவுதான். (கடற்கரையில் இருக்கிற கீரிமலையை மலை என்று சொல்லி வளர்ந்த நாங்கள் குறை சொல்லக்கூடாது.)

அப்புத்தளை விளிம்பில் இருக்கிற ஊர். தெரு முடிகிற இடத்தில் நிலமும் முடிந்து, கீழே தெற்குச் சமவெளி விரியும். அங்கிருந்து, லிப்டன் 1890இல் கட்டிய தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி லிப்டன் சீட் என்கிற காட்சிமுனைப் பக்கம்வரை ஓட்டோ ஏறும். அம்மாவுக்கு நடை கொஞ்சம்தான். விடிய ஐந்தரைக்கே புறப்பட்டுவிடுங்கள், ஒன்பது பத்து மணிக்கு முகில் ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும். திரும்பும்போது கொழுந்து எடுக்கப் போகும் அக்காமார் அதே ஒடுங்கிய வழியில் வருவார்கள். ஓட்டோக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், அது அவர்கள் வேலைக்குப் போகிற பாதை.

அப்புத்தளையில் காற்று பலம். அம்மாவுக்கு ஒத்துவராவிட்டால் பண்டாரவளையில் தங்கிப் போய்வரலாம், கிட்டத்தான். எல்ல வடிவுதான், ஆனால் சனம் கூட. ஒரு பகல் போதும்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவைப் பார்க்கச் சுற்றிவர ஒன்பது கிலோமீற்றர் நடை. அம்மாவை விட்டுவிட்டுப் போவதென்றால் சரி.

சிவனொளிபாத மலையைத் தைக்கு ஒத்திவையுங்கள். டிசெம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் வரைதான் யாத்திரைக் காலம். வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிற நாட்களில் மலை அடிவாரத்து நல்லதண்ணியில் ஓர் இரவு தங்குங்கள். அம்மா ஒரு படியும் ஏறத் தேவையில்லை. முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தால் போதும். 2,243 மீற்றர் மலை இருட்டுக்குள் மறைந்துவிடும், படிக்கட்டு விளக்குகள் மட்டும் வளைந்து வளைந்து வானத்துக்குள் ஏறும். கடைசியாகத் தெரிவது விளக்கா வெள்ளியா என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள்.

அப்புறம், எந்த ஊரில் அறை எடுத்தாலும், அன்று காலை ஆறு மணிக்கு அந்த அறை யன்னலால் எடுத்த படம் ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பழைய படம் வந்தால் சாதாரண அறையையே எடுத்துவிடுங்கள்.