கேளுங்கள், சொல்கிறோம்: மன்னிப்பு கிடைத்த பிறகும் மனசு ஏன் ஆறவில்லை?

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் தோட்டத்தில் கூட்டுக்கு, அதாவது எல்லோரும் மாதாமாதம் பணம் போட்டு ஒருவர் எடுக்கும் சீட்டுக்கு, தலைவியாக இருந்தேன். 12 பேர், மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்). எட்டாம் மாதம் வசூலான 4,800 வெள்ளியை எடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் என் கடனுக்குக் கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பினேன், அவர்தான் சேர்க்கவில்லை என்று பொய் சொன்னேன். பணம் கிடைக்காதவர் அதன்பின் கட்டவில்லை. கடைசி நான்கு பேருக்கும் 400 வெள்ளி குறைந்தது. பழி இன்றுவரை அக்கா மேல்தான். குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனாலும் நற்கருணை வாங்கப் போகும்போது கால் பின்னுகிறது. கடவுள் என்னை மன்னிக்கவில்லையோ?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மன்னித்துவிட்டார். மறைக்காமல் சொல்லி, வருந்தி, இனிச் செய்வதில்லை என்று தீர்மானித்திருந்தால், குருவானவர் பாவமன்னிப்பு கொடுத்த நிமிஷமே அது போய்விட்டது. புக்கிட் மெர்த்தாஜம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் ஒவ்வொரு வருஷமும் அதே பாவத்தை வேறொரு குருவிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பணத்தை எடுத்ததைச் சொன்னீர்கள். அக்கா மேல் போட்ட பழியைச் சொன்னீர்களா? மறந்து விட்டிருந்தால், அதுவும் மன்னிக்கப்பட்டதே; அடுத்த முறை சேர்த்துச் சொன்னால் போதும். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்திருந்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சொல்லியிருந்தும் உறுத்துகிறதென்றால், உறுத்துவது பாவம் அல்ல, கடன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459-ஆம் எண்ணில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் விளைவித்த சேதத்தை எல்லாம் சரிசெய்துவிடாது. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும். குருவானவர் அபராதமாகக் கொடுத்த அருள் நிறைந்த மரியே ஜெபத்தோடு கணக்கு முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முடியவில்லை.

முதலில் பணம். எட்டாம் மாதம் எடுக்க வேண்டியவர் அதுவரை கட்டியது 8 x 400, அதாவது 3,200 வெள்ளி. அது அவருக்கு. கடைசி நால்வருக்கும் தலா 400, மொத்தம் 1,600. கூட்டினால் அதே 4,800. வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார் (லூக்கா 19:8); எண்ணாகமம் 5:7 ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. திருச்சபை உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை, எடுத்த தொகையைக் கேட்கிறது. மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 200 வெள்ளி வீதம் 24 மாதத்தில் தீர்த்துவிடலாம். இறந்துபோனவர் இருந்தால் அவர் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வாரிசே கிடைக்காதபோதுதான் ஏழைகளுக்கு. அந்தோணியார் உண்டியலில் போடுவதோ அசனம் (கோயிலில் பொதுச் சாப்பாடு) போடுவதோ இந்தக் கடனை அடைக்காது. அடுத்தவர் பணத்தில் செய்யும் தர்மம் அது.

பணத்தையாவது பெயர் சொல்லாமல் பங்குத் தந்தை மூலம் சேர்த்துவிடலாம். பெயரை அப்படி ரகசியமாகத் திருப்பித் தர முடியாது. பொய்யை யார் யார் கேட்டார்களோ, அவர்கள் காதில்தான் உண்மை விழ வேண்டும். செலவில்லாத கடன் இதுதான், ஆனால் எல்லோரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான். 24 மாதம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இதை முதலில் செய்யுங்கள். அக்காவிடம் தனியாகப் போங்கள். உறவுக்காரர் துணை வேண்டாம், பலகாரத் தட்டும் வேண்டாம். “ஏதோ குழப்பத்தில் நடந்துபோச்சு” என்று ஆரம்பித்தால் பாதிப் பழி அவர் மேலேயே தங்கிவிடும். “அக்கா, உங்ககிட்ட நான் பணமே கொடுக்கல. நான்தான் செலவழிச்சேன். எல்லார்கிட்டயும் நானே சொல்லிடுறேன்.” இவ்வளவுதான் பேச்சு. “கர்த்தரே மன்னிச்சிட்டார், நீங்களும் மன்னிச்சிடுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவர் கழுத்தில் கத்தி வைப்பது. அவர் கதவைச் சாத்தினாலும் உங்களுக்குக் கிடைத்த பாவமன்னிப்பு ரத்தாகாது. பிறகு கூட்டில் இருந்த மற்றவர்களிடம் சொல்லுங்கள்.

உங்களுக்காகக் குருவானவர் போய்ப் பேசமாட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உங்கள் அனுமதி இல்லாமல் உங்களிடமே வெளியில் எடுக்கமாட்டார். அவர் உதவி வேண்டுமானால் பங்கு அலுவலகத்தில் தனியாகச் சந்தித்து, விஷயத்தை அங்கே புதிதாகச் சொல்லுங்கள். போலீஸில் சரணடைந்தால்தான் பாவமன்னிப்பு என்று எந்தக் குருவும் நிபந்தனை போட முடியாது. 2019-இல் வத்திக்கான் இதை எழுத்திலேயே உறுதிப்படுத்தியது. கூட்டு நடத்துவதே மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்ட தொழில், ஆகவே எதையும் எழுதிக் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கப் போகிறேன் என்று சொல்லியே இன்னொரு வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள்.

கடவுள் மன்னிக்கவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான், பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான் (மத்தேயு 27). கணக்கில் குறையில்லை. ஆனால் “அது உன் பாடு” என்று சொன்ன ஆசாரியர்களோடு நின்றுவிட்டான், இயேசுவிடம் திரும்பிப் போகவில்லை. பேதுரு கரிநெருப்பருகே நின்று, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். யோவான் 21-இல் கரையில் மறுபடி கரிநெருப்பு. அங்கே உயிர்த்த இயேசு அவரிடம் மூன்று முறை கேட்டது “என்னை நேசிக்கிறாயா” என்ற கேள்வி. மறுதலித்ததைச் சொல்லிக் காட்டவில்லை. கேள்விக்குப் பின்னால் வந்தது வேலை: என் ஆடுகளை மேய்ப்பாயாக. கால் பின்னினாலும் நற்கருணைக்குப் போங்கள்.

கேள்வி: நாங்கள் மெதடிஸ்ட். செய்த தப்பைப் பாஸ்டரிடம் சொல்லியே ஆகவேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. பாவத்தைக் கடவுளிடம் அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9 போதும். ஆனால் தனியாகச் சொல்லி ஜெபித்தும் பாரம் இறங்காதவர்களுக்குத்தான், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 இருக்கிறது. லுத்தரன் சபைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1529-இல் வந்த லூத்தரின் சிறிய ஞானோபதேசத்திலேயே போதகரிடம் அறிக்கையிடும் முறை உண்டு. வாய் காக்கத் தெரிந்த ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னால், காலைப் பெரட்டுக்குள் (ஆள் கணக்கெடுப்பு) தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டுக்காரர் சம்சு சாராயம் குடித்துவிட்டு அடிப்பார். மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்பார். ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும், புகாரை வாபஸ் வாங்கு என்கிறார்கள் சபையில்.

பதில்: அந்த வசனம் மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரை சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்: குற்றத்தை முகத்துக்கு நேரே உணர்த்து, கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல். மன்னிப்பது பழிவாங்கும் எண்ணத்தை விடுவது. அடி வாங்க அதே வீட்டுக்குத் திரும்புவது அதில் அடங்காது, புகாரை வாபஸ் வாங்குவதும் அடங்காது. மறுநாள் கண்ணீரை மனந்திரும்புதல் என்று நாங்கள் எண்ணமாட்டோம். குடியை விடச் சிகிச்சைக்குப் போகிறாரா, சம்பளப் பணம் வீட்டுக்கு வருகிறதா, நீங்கள் தனியே இருக்க விரும்பினால் அதை மதிக்கிறாரா என்று மாதக்கணக்கில் பாருங்கள். மனந்திரும்புதலுக்கு ஏற்றதாக லூக்கா 3:8 கேட்கும் கனி அதுதான்.

இன்றிரவே ஆபத்து என்றால் 15999 உதவி எண்ணுக்கு அழையுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகா அதிகாரி 7 நாள் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். அதற்குப் போலீஸ் புகார்கூடத் தேவையில்லை. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மருத்துவமனைச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இப்போதே கொடுத்து வையுங்கள்.