மோட்டார் அறையில் ஒட்டிய காகிதம்

கேள்வி: கோவையில் 24 வீடுகள் உள்ள அடுக்ககத்துக்கு நான் செயலாளர். தரைக்கடித் தொட்டியான சம்ப்பிலிருந்து ஏ, பி என்ற இரண்டு மொட்டைமாடித் தொட்டிகளுக்கும் ஒரே மோட்டார்தான் தண்ணீர் ஏற்றுகிறது. எப்படி இயக்குவது என்று விளக்கமாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் வாட்ச்மேன் மாறும்போதெல்லாம் ஏதாவது தப்பு நடக்கிறது. போன மாதம் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடி, பம்ப்பில் கசிவைத் தடுக்கும் சீல் போய்விட்டது. குடியிருப்பவர்களில் ஓர் இன்ஜினியரே வால்வை மாற்றி மூடிவிட்டார். யாரும் படிப்பதே இல்லையா, நான் எழுதியதுதான் சரியில்லையா?

பதில்: நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருந்த நோட்டீஸ் இது:

"மோட்டார் இயக்கப்படுவதற்கு முன் சம்ப்பில் போதுமான நீர் உள்ளதா என உறுதி செய்து, மூன்று ஃபேஸும் முறையாக உள்ளதைக் கவனித்து, தேவைப்படின் ப்ரைமிங் செய்து, உரிய வால்வைத் திறந்து இயக்கப்பட வேண்டும். ஏ வால்வு மூடப்படுவதற்கு முன் பி வால்வு திறக்கப்பட்டிருப்பது அவசியம். தவறினால் நிர்வாகம் பொறுப்பல்ல."

படித்திருக்கிறார்கள். படித்ததால்தான் இன்ஜினியர் தப்பு செய்தார் என்றுகூடச் சொல்லலாம். இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். செய்ய வேண்டிய வரிசை, முதலில் பியைத் திறப்பது, பிறகு ஏவை மூடுவது. வாக்கியத்தில் முதலில் வருவது "ஏ வால்வு மூட". ஒரு கையில் காகிதத்தையும் இன்னொரு கையில் வால்வையும் பிடித்து நிற்பவர் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க மாட்டார். கண்ணில் பட்டதும் கை திருகிவிடும். இரண்டு வால்வும் மூடிய நிலையில் பம்ப் ஓடினால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுழன்று சூடாகும்.

இது தமிழில் செய்முறை எழுதுகிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி. "இதைச் செய்வதற்கு முன் அதைச் செய்யவும்" என்று எழுத நம் மொழி சுலபமாக இடம் கொடுக்கிறது. கை செய்யும் வரிசையிலேயே சொல்லும் வர வேண்டும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். "பி வால்வைத் திறக்கவும். அப்புறம் ஏ வால்வை மூடவும்." அவ்வளவுதான்.

அடுத்த குழி முதல் வாக்கியத்தில் இருக்கிறது. செய்து, கவனித்து, திறந்து என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் ஒரு வாக்கியத்தில் எத்தனை வேலையை வேண்டுமானாலும் அடைக்கலாம். கதை சொல்ல அது அழகு. ஆனால் நடுவில் போன் வந்து திரும்பி வருகிறவருக்கு எதுவரை முடித்தோம் என்று தெரியாது. ஒரு வேலைக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு எண். "இயக்கப்பட வேண்டும்" என்றால் யாரால் என்ற கேள்வி வருகிறது, "அழுத்தவும்" என்றால் வருவதில்லை.

தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். "பச்சை பட்டனை அழுத்தக் கூடாது" என்பதில் "கூடாது" கண்ணுக்குத் தட்டுப்படுவதற்குள் "பச்சை பட்டனை அழுத்த" வந்துவிடுகிறது. முடிந்தவரை என்ன செய்யக் கூடாது என்பதை விட்டு, அப்போது என்ன செய்வது என்று எழுதுங்கள்.

"போதுமான", "முறையாக", "தேவைப்படின்", "உரிய" என்ற நான்கையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். இவை விவரம் தெரிந்தவருக்கு மட்டும் புரியும் சொற்கள். விவரம் தெரிந்தவருக்கு உங்கள் காகிதமே தேவையில்லை. நம் வீடுகளில் பாகு காய்ச்சச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் "போதுமான நேரம்" என்று சொல்வதில்லை. விரலில் தொட்டுப் பிரித்தால் ஒரு கம்பி இழுக்க வேண்டும், தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும் என்று கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற அடையாளம் சொல்வார்கள். மோட்டாருக்கும் அப்படியொரு பதம் வேண்டும். சம்ப் சுவரில், ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) நன்றாக மூழ்கியிருக்கும் உயரத்தில், சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். எலக்ட்ரீஷியன் வரும் நாளில் தண்ணீர் சரியாக ஏறும்போது மோட்டார் இழுக்கும் கரன்ட்டைக் காட்டும் ஆம்ப்ஸ் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே எந்த இடத்தில் பச்சைக் குறி வைக்கலாம் என்று அவரையே கேட்டு வையுங்கள். பம்ப் தண்ணீர் இழுக்காமல் வெறுமனே சுற்றும்போது சுமை குறைவு, முள் கீழேயே கிடக்கும். போன மாதம் போன சீலை இந்தக் குறி காப்பாற்றியிருக்கும்.

என் அனுபவம் ஒன்று. இயந்திரக் கையேடு எழுதுவது என் தொழில். ஆரம்ப காலத்தில் ஒரு வெட் கிரைண்டர் கையேட்டில் "அரைத்து முடித்ததும் கிரைண்டரைக் கழுவவும்" என்று எழுதினேன். ஒருவர் குழாயடிக்குக் கொண்டுபோய் மோட்டாரோடு சேர்த்துக் கழுவிவிட்டார். நான் நினைத்தது பாத்திரத்தையும் கல்லையும். அவர் செய்தது நான் எழுதியதை.

சரி, உங்கள் காகிதத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். தொட்டிகளில் தண்ணீர் அலாரம் இருப்பது போட்டோவில் தெரிந்ததால் அதைச் சேர்த்திருக்கிறேன்.

1. சம்ப் மூடியைத் திறந்து பார்க்கவும். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மூடியை மூடிவிட்டுச் செயலாளரைக் கூப்பிடவும்.
2. சம்ப் மூடியை மூடவும்.
3. போர்டில் சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகளைப் பார்க்கவும். ஒன்று எரியாவிட்டாலும் அத்தோடு நிறுத்திச் செயலாளரைக் கூப்பிடவும்.
4. ஏ வால்வைத் திறக்கவும்.
5. பி வால்வை மூடவும்.
6. பச்சை பட்டனை அழுத்தவும்.
7. மீட்டர் முள்ளைப் பார்க்கவும். பச்சைக் குறியைத் தாண்டாவிட்டால் உடனே சிவப்பு பட்டனை அழுத்தி, செயலாளரைக் கூப்பிடவும்.
8. ஏ அலாரம் அடித்ததும் பி வால்வைத் திறக்கவும்.
9. ஏ வால்வை மூடவும்.
10. பி அலாரம் அடித்ததும் சிவப்பு பட்டனை அழுத்தவும்.

இரண்டாவது வரி அற்பமாகத் தெரியலாம். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் அதை எழுதாமல் விட எனக்கு மனம் வராது. ப்ரைமிங்கை, அதாவது ஓட்டுவதற்கு முன் பம்ப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்புவதை, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அடிக்கடி ப்ரைமிங் தேவைப்பட்டால் ஃபுட் வால்வு கசிகிறது என்று அர்த்தம், அது பிளம்பர் வேலை. ரிலே (கரன்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் கருவி) ட்ரிப் ஆனால் ரீசெட் செய்வதையும் அப்படித்தான் விட்டேன், அது எலக்ட்ரீஷியன் வேலை. "நிர்வாகம் பொறுப்பல்ல" தேவையில்லை, அந்த இடத்தில் உங்கள் போன் நம்பரைப் போடுங்கள்.

வால்வுகளிலும் ஏ, பி என்று பெரிதாக பெயின்ட் அடியுங்கள், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம் என்று. காகிதத்திலும் அதே நிறம். கோவையில் இப்போது வாட்ச்மேன்களாக வருபவர்கள் பலர் வேறு மாநிலத்துக்காரர்கள். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும்.

எழுதியது சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஊர் ஊராகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பு வெல்லக் கரைசல் செய்யத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று கையையே அளவாக்கினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை மட்டும் வைத்து அல்ல. பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, அவர் கரைக்கும் கரைசல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அதைப் பொறுத்துப் பணம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். இதுவரை மோட்டாரைத் தொடாத ஒருவரைக் கூப்பிட்டுக் காகிதத்தை மட்டும் கொடுங்கள். பக்கத்தில் நின்று வாயை இறுக மூடிக்கொள்ளுங்கள், ஆபத்து என்றால் மட்டும் திறக்கலாம். அவர் எங்கே தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். "அது வந்து..." என்று விளக்க வாய் வந்தால், விளக்க நினைத்ததைக் காகிதத்தில் எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் தயங்காமல் முடித்த பிறகு லேமினேட் செய்து, ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில், கண் உயரத்தில் ஒட்டுங்கள். பழைய நோட்டீஸைக் கிழித்த பிறகு.