இரண்டாவது மின்வெட்டில் காணாமல் போன பில்கள்

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடை போட்டதும் ஒவ்வொரு பில்லும் லாக் கோப்பின் கடைசியில் சேரும்: 4 பைட் நீளம், 4 பைட் சிஆர்சி-32 செக்சம் (தரவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்), பிறகு பில் விவரம். முகூர்த்த நாள் காலையில் இரண்டு முறை மின்சாரம் போனது. முதல் முறை எல்லாம் மீண்டது. இரண்டாம் முறை, இடையில் போட்ட பில்கள் ஒன்றுகூட இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. பத்துத் தடவை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்த பிறகுதானே கொடுத்தேன்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்தக் கோப்பை முதலில் நகல் எடுத்து வையுங்கள். பில்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயேதான் இருக்கும்.

முதல் மின்வெட்டில் கடைசி பில் பாதியில் அறுந்திருக்கிறது. நிரல் அதை ஒதுக்கியது சரிதான். எழுதி முடியாத பில் பில்லே அல்ல. ஆனால் அந்தத் துண்டை வெட்டி எறியாமல், அதன் வாலிலேயே அடுத்த பில்லை ஒட்டிவிட்டது. துண்டின் தலைப்பு (நீளமும் செக்சமும் உள்ள முதல் 8 பைட்) பில் விவரம் 120 பைட் என்று சொல்கிறது, எழுதப்பட்டதோ 50 பைட் என்று வையுங்கள். மறுபடி படிக்கும்போது மீதி 70 பைட்டை அடுத்த பில்லிலிருந்து விழுங்கும், செக்சம் பொருந்தாது. ‘கோப்பு இத்தோடு முடிந்தது’ என்று நிரல் நின்றுவிடும். கடைசி நல்ல பில் முடியும் இடத்தில் கோப்பை வெட்டிவிட்டு, அதன் பிறகே புதியதை எழுதுங்கள்.

பிளக்கைப் பிடுங்குவது குலுக்கல் சீட்டு மாதிரி. எந்த பைட்டில் அறுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. அறுந்த அதே கோப்பில் மேலும் பில் போட்டு, இரண்டாவது முறை திறந்து பார்த்தீர்களா? இல்லை என்றே நினைக்கிறேன்.

ஐந்து பில்கள் கொண்ட சிறு கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 600 பைட் என்று வைப்போம். 0 முதல் 600 வரை ஒவ்வொரு நீளத்திலும் வெட்டினால் 601 கோப்புகள். ஒவ்வொன்றிலும் முழுதாக அடங்கிய பில்கள் மட்டுமே வர வேண்டும். அதே கோப்பில் ஆறாவது பில்லைச் சேர்த்து, மூடி, மீண்டும் படியுங்கள். அதுவும் வர வேண்டும். எல்லாம் சில நொடி வேலை. உங்கள் பிழை, ஒரே ஒரு பைட் மிஞ்சிய கோப்பிலேயே பிடிபட்டிருக்கும்.

இதில் தமிழுக்கென்றே ஒரு கண்ணி உண்டு. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘மல்லி’ 15 பைட். வெட்டு எழுத்தின் நடுவிலும் விழும். கோப்பை உரையாகத் திறக்கும் நிரல் அங்கேயே கவிழும். பைட்டாகப் படித்து, செக்சம் பார்த்த பிறகே எழுத்தாக்குங்கள்.

அடுத்து, வாலில் 4,096 பூஜ்ய பைட்டுகளைச் சேர்த்துப் படியுங்கள். மின்சாரம் போகும்போது கோப்பின் அளவு மட்டும் கூடி, தரவு வட்டுக்குப் போகாமல் இப்படி ஆவதுண்டு. வெற்றுத் தரவுக்கு சிஆர்சி-32 கணக்கிட்டால் பூஜ்யம்தான் வரும். ஆகவே உங்கள் அமைப்பில் எட்டுப் பூஜ்யங்கள் சேர்ந்தால் செல்லுபடியாகும் ஒரு வெற்று பில்! பூஜ்ய நீளத்தை ஏற்கவே கூடாது.

பிறகு அந்த 600 பைட் கோப்பில் ஒவ்வொரு பிட்டாகப் புரட்டுங்கள் (0 என்றால் 1, 1 என்றால் 0): பைட்டுக்கு 8 பிட் வீதம் 4,800 கோப்புகள். எழுதாத பில் ஒன்றும் வெளியே வரக்கூடாது. இங்கே சிக்கல் நீளப் புலம். நடுவில் அது கெட்டுப் பெரிய எண்ணாகிவிட்டால், அறுந்த வால் போலவே தோன்றும். பின்னால் உள்ள அத்தனையும் சத்தமில்லாமல் போகும். லெவல்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் தன் லாக் கோப்பை 32,768 பைட் கட்டங்களாகப் பிரிப்பதால், ஒரு கட்டம் கெட்டாலும் அடுத்ததிலிருந்து தொடர முடிகிறது. பூக்கடைக்கு அவ்வளவு வேண்டாம் என்பது என் கருத்து. தலைப்புக்குத் தனிச் செக்சம் போடுங்கள். அது பொருந்தாவிட்டால் நிறுத்தி, எத்தனை பைட் படிக்கப்படவில்லை என்று திரையில் காட்டுங்கள்.

பழைய பில்களை மீட்க, நகலில் நிரல் நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, அங்கே ஒரு தலைப்பு இருப்பதாகக் கொண்டு, நீளமும் செக்சமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். செக்சம் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 430 கோடியில் ஒன்று. கிடைப்பதை விவசாயிகள் கையில் உள்ள சீட்டுகளோடு ஒப்பிட்டுவிட்டுக் கணக்கில் ஏற்றுங்கள்.